அந்தப் பெண் யார் என்று கேட்டார்கள்

கோமதி,

இந்தக் கடிதம் தமிழில் இருப்பதைப் பார்த்ததும் உனக்கு எரிச்சல் வரும். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். ஒரு பக்கம் முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். இந்தியில் எழுதினால் கடகடவென்று படித்து மடித்து வைத்துவிடுவாய். எனக்கு நீ மெதுவாகப் படிக்க வேண்டும். போனில் பேசிவிட்டால் என்ன என்று உன் அம்மா கேட்டாள். பேசிப் பார்த்தேனே! "சொல்லுங்க" என்றாய். சாப்பிட்டாயா என்று கேட்டேன், "ஆச்சு" என்றாய். அதற்குமேல் எனக்கு நாக்கு எழவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நீ என்னை அப்பா என்று கூப்பிடவே இல்லை. சொல்லுங்க, ஆச்சு, சரி, வச்சிரட்டுமா, இவ்வளவுதான். சாகண் பேக்டரியில் ஷிப்டு மாறிவிட்டது, தோழிகளோடு தங்கிக்கொள்கிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போனாய். ஷிப்டு மாறவில்லை என்பது எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்பது உனக்கும் தெரியும். வருகிற ஞாயிற்றுக்கிழமை, உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன செந்தில் வீட்டார் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறார்கள். அதற்கு முன்னால் நான் செய்ததை என் கையாலேயே எழுதி உன்னிடம் கொடுத்துவிட வேண்டும். நடந்தது நீ அறியாததல்ல, பக்கத்திலேயே இருந்தாய். ஆனால் ஏன் செய்தேன் என்பதும், போன வியாழக்கிழமை நான் எங்கே போனேன் என்பதும் உனக்குத் தெரியாது.

எல்லாம் அந்தச் சனியன் பிடித்த டிராக்டரிலிருந்து ஆரம்பித்தது என்று சொல்ல ஆசைதான். பழியைத் தூக்கி இரும்பு மேல் போட்டால் அது எதிர்த்துப் பேசாது. பேக்டரி மூடி நான் வேலையில்லாமல் நின்றபோது, பூனாவில் சாங்விப் பக்கம் இந்தக் கல்யாண லானின் முதலாளி, நம் மாலக், என்னைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார், லானுக்குப் பின்னால் இரண்டு அறையும் கொடுத்தார். அந்த வருஷமே ஏதோ ஒரு கிளப்பில் ஏலத்துக்கு வந்த இந்தச் சின்ன டிராக்டரையும் வாங்கிப் போட்டார். புல் வெட்டும், உருளை இழுக்கும், பந்தல் சாமான் ஏற்றிய டிரெய்லர் இழுக்கும். எந்த தேசத்தில் செய்தது என்று எழுதியிருந்த தகடுகூட அழிந்து போயிருந்தது. நான் அதோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்து உன் அம்மா அதை என் சின்ன வீடு என்பாள். "சாப்பாடு எடுத்து வைக்கட்டா, இல்ல சின்ன வீட்லயே ஆச்சா?" என்று கேட்பாள். நீ சிரிப்பாய். நானும் சிரிப்பேன். அந்த வண்டியில் எந்த வயர் எங்கே போகிறது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது என்பதில் எனக்கு அவ்வளவு பெருமை.

ஆயுத பூஜை வந்தால் எனக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும் என்பது நம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். பேக்டரியில் பழகிய பழக்கம். பூஜைக்கு முந்தின நாள் ஷெட்டில் உள்ள அத்தனை மெஷினுக்கும் பெயின்ட் அடித்துப் பொட்டு வைத்தால்தான் எங்களுக்குப் பண்டிகை. இந்த வருஷம் டிராக்டருக்கு அலங்காரம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. பேட்டரியைக் கீழே இறக்கி, அதன் கறுப்பு எர்த் கேபிள் வண்டியின் இரும்புச் சேசிஸில் பூட்டியிருக்கிற போல்ட்டையும் கழற்றி, ஒரு மூலை விடாமல் பச்சை பெயின்ட் அடித்தேன். காய்ந்ததும் கேபிளை அந்தப் பெயின்ட்டின் மேலேயே வைத்து போல்ட்டை முறுக்கினேன். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம் ஆயிற்று. மாலக் வந்து பார்த்து, "நவீ நவரீ திஸ்தே" என்றார். புதுப்பெண் மாதிரி இருக்கிறதாம். நான் உச்சி குளிர்ந்து போனேன்.

பூஜை கழிந்து கொஞ்ச நாளிலேயே புதுப்பெண் முரண்டு பிடிக்க ஆரம்பித்தாள். சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், ஹெட்லைட் மங்கும், அவ்வளவுதான். சில நாள் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். அதுதான் ஆளைக் கொல்லும். முழுசாகக் கெட்டது என்றால் தேடிவிடலாம். பேட்டரியைச் சார்ஜ் போட்டேன். மாலக்கிடம் கெஞ்சிப் புது பேட்டரி வாங்கினேன். அப்புறம் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்திலிருக்கிற சொலினாய்டை மாற்றினேன். ராத்திரி விளக்கை அணைக்காமல் போகிறாயா என்று தோட்டக்கார மாளியைப் பிடித்து வைதேன். பாவம், அவன் அந்த சுவிட்சைத் தொட்டதே இல்லை. ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிட்டேன். எல்லாம் செய்தேன், அந்தக் கறுப்பு கேபிளின் மறுமுனையை மட்டும் பார்க்கவில்லை. ஏன் தெரியுமா? நான் பேக்டரிக் கட்டிடத்து வயர்மேன். கட்டிடத்தில் எர்த் என்பது ஆபத்துக்கு உதவுகிற கம்பி. அது அறுந்து கிடந்தாலும் பல்பு எரியும், ஃபேன் சுற்றும். வண்டியில் அப்படி இல்லை. பேட்டரியிலிருந்து போன கரண்ட் திரும்பி வருவதற்கு வண்டியின் இரும்பு உடம்புதான் வழி. அந்த வாசலை அடைத்தால் எதுவும் ஓடாது. இது எனக்குத் தெரியாததா? யாராவது கேட்டிருந்தால் பாடமாகச் சொல்லியிருப்பேன். தெரிந்திருந்தும் கை அந்தப் பக்கம் போகவில்லை.

நீ சொன்னாய். அதையும் எழுதிவிடுகிறேன். தீபாவளிக்கு லீவு போட்டு வீட்டிலிருந்தவள், முறுக்கைக் கடித்துக்கொண்டே வந்து பார்த்து, "அப்பா, பேட்டரி டீக் ஹை, நல்லாத்தான் இருக்கு. எர்த்த ஒருக்காப் பாருங்க" என்றாய். எனக்குச் சுர்ரென்று வந்தது. "நீ பொறக்கதுக்கு முன்னருந்து எர்த் அடிச்சுக்கிட்டு இருக்கேன். எனக்கே எர்த் சொல்லித் தாரியோ?" என்று கேட்டேன். நீ தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த முறுக்கை எடுக்கப் போய்விட்டாய். அன்றைக்கு நான் குனிந்து பார்த்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இருந்திருக்காது.

துளசி கல்யாணப் பண்டிகை முடிந்து கல்யாண முகூர்த்தங்கள் தொடங்கின. அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் லானில் ஒரு வரவேற்பு. அதே நாள் மதியத்துக்குமேல் செந்தில் வீட்டார் உன்னைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. காலையில் பாதி லான் வெட்டியதும் டிராக்டர் நட்ட நடுவில் நின்றுவிட்டது. ஒரு பக்கம் மழமழவென்று, மறுபக்கம் கணுக்கால் உயரத்துக்குப் புல். மேடை போடுகிற ஆட்கள் கம்பும் துணியுமாகக் காத்து நிற்கிறார்கள். மாலக் வந்து வந்து கத்திவிட்டுப் போகிறார். நீ நைட் ஷிப்டு முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாய். சத்தத்தில் எழுந்து, சுடிதார் மேல் என் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, உன் மீட்டரோடு வந்து உட்கார்ந்தாய். என்னைச் சீட்டில் உட்காரச் சொன்னாய். "நான் சொல்லும்போது மட்டும் சாவியத் திருப்புங்க" என்றாய். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் உடம்பிலும் வைத்தாய். திருப்பினேன். "ஹே பகா, இதப் பாருங்கப்பா. இங்க ஒண்ணுமே காட்டக் கூடாது. பாதி பேட்டரி இங்கயே தின்னு தீக்குது" என்றாய். அப்புறம் போல்ட்டைக் கழற்றி, கேபிள் முனையைத் தூக்கி, அது உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டினாய். அங்கே வழவழவென்று பச்சை பெயின்ட், கரண்டுக்கு வழி விடாமல். "இவ்ளோ அழகா யாருப்பா அடிச்சது?" என்று கேட்டாய். கேலியாகத்தான் கேட்டாய், வேறு யாரும் கேட்டிருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள். மாளி சிரித்தான். மாலக்கும் சிரித்தார். நானும் சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டேன், உள்ளே காந்தியது. இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். பெற்ற மகள் கெட்டிக்காரியாக இருப்பதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் கேட்டில் அவர்கள் வந்து நின்றார்கள். செந்தில், அவன் அப்பா, அம்மா. கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே வந்துவிட்டோம், சீக்கிரம் வந்ததற்குத் தப்பாக நினைக்காதீர்கள் என்றார்கள். நான் ஓடிப்போய்க் கும்பிட்டேன். நீ உப்புத்தாளை வைத்து சேசிஸைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். குந்தி உட்கார்ந்திருந்தாய், முழங்கை வரைக்கும் கரி, முடியில் புல். செந்திலின் அம்மாதான் உன்னைப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்.

"யாரு அண்ணாச்சி அந்தப் பொண்ணு?"

"மெக்கானிக் கடைலருந்து அனுப்பியிருக்காவ" என்றேன்.

"பொம்பளப் பிள்ளையா! பரவால்லியே. வெயில்ல கெடந்து பாடுபடுது, பாவம். ஒரு வாய் காபி குடுங்களேன்."

"அதெல்லாம் வேண்டாம். அது கடைல போய்க் குடிச்சிக்கிடும்."

அது என்றேன், கோமதி. உப்புத்தாள் சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடியும் கேட்டது. உனக்குத் தமிழ் படிக்கத்தான் தடுமாறும், காதில் விழுவது நன்றாகவே விழும். நீ போல்ட்டை முறுக்கி, மாளியைச் சீட்டில் உட்காரவைத்துச் சாவியைத் திருகச் சொன்னாய். முதல் திருகலிலேயே வண்டி உறுமியது. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நேராக எங்களை நோக்கி வந்தாய். அவ்வளவுதான், எல்லாம் வெளியே வரப்போகிறது என்று நினைத்தேன். நீ என் முன்னால் நின்று, கடைக்கார மெக்கானிக்குகள் பேசுகிற அதே குரலில், "ஜாலா, காகா. காடீ சாலூ ஜாலீ" என்றாய். முடிந்தது, பெரியவரே, வண்டி கிளம்பிவிட்டது என்று யாரோ ஒருவரிடம் சொல்வது போல. நான் "டீக் ஹை" என்றேன். வேலைக்காரப் பெண்ணிடம் சொல்வது போல டீக் ஹை! செந்திலின் அம்மா உன்னைப் பார்த்து, "நல்லா இரும்மா" என்றார்கள். யாரோ ஒரு பெண்ணுக்கு அவர்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தைகூட அன்றைக்கு நான் உனக்குச் சொல்லவில்லை. நீ தலையசைத்துவிட்டு, பாத்திரம் கழுவுகிற சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனாய்.

உன் அம்மா உன் கையை மண்ணெண்ணெய் போட்டு, சீயக்காய் போட்டு, செங்கல் பொடி போட்டெல்லாம் தேய்த்தாளாம். தேய்க்கும்போது, என்ன நடந்தது என்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காபித் தட்டோடு நீ வந்தபோது நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, நகத்தைப் பார்த்தேன். நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது. செந்திலின் அம்மாவும் டம்ளரை எடுக்கும்போது அங்கேதான் பார்த்தார்கள். பிறகு உன் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். நான் அவசர அவசரமாக, கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை, ஏசி அறை, என்று சொல்லிக்கொண்டே போனேன். நீ சாகண் பேக்டரியில் கன்வேயருக்கு அடியில் படுத்துக்கொண்டு சென்சார் மாற்றுகிறவள். அந்தக் கம்ப்யூட்டர் பொய்யை நான் அன்றைக்குப் புதிதாகச் சொல்லவில்லை. நீ எலக்ட்ரிகல் டிப்ளமோ சேர்ந்த நாளிலிருந்தே திருநெல்வேலிச் சொந்தக்காரர்களுக்கு அந்தக் கதையைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். அது உனக்குத் தெரியும் என்பதும் எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

ஏன் என்று நீ கேட்க மாட்டாய். நானே சொல்கிறேன். உன் மாமா கல்யாணம் நினைவிருக்கிறதா? நீ அப்போது பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்பு. பூனாவிலிருந்து திருநெல்வேலிக்கு ரயிலேறிப் போனோம். எனக்கு ஒரு புதுச் சட்டை. பந்தியில் உட்கார்ந்து சோறு போட்டு சாம்பாரும் ஊற்றியாகிவிட்டது, பொசுக்கென்று ஜெனரேட்டர் நின்றது. "பூனா அத்தான் வயர்மேன்தானே, அவர எழுப்பிக் காட்டுங்கலே" என்று யாரோ சத்தம் போட்டார்கள். இலையிலிருந்து எழுந்து போனேன். சரிசெய்துவிட்டுக் கரிக்கையோடு வந்தால், என் இலையை எடுத்துவிட்டு அங்கே வேறொருவர் உட்கார்ந்து பாயசம் சாப்பிடுகிறார். "நீங்க கடைசிப் பந்தில சமையக்காரவுகளோட உக்காந்துக்கிடுங்க அத்தான்" என்றார்கள். கேலியாகச் சொல்லவில்லை, இயல்பாகச் சொன்னார்கள், அதுதான் குத்தியது. நீ பக்கத்து இலையிலிருந்து, "எங்க அப்பா எலைய ஏன் எடுத்திய?" என்று கத்தினாய். உன் அம்மா உன் வாயைப் பொத்தினாள். கையில் கரி உள்ளவனை யாரும் இலையிலிருந்து எழுப்பலாம் என்று அன்றைக்கு என் மனசில் பதிந்துவிட்டது. நீ கரிக்கையோடு இன்னொரு வீட்டுக்குப் போனால் உன்னையும் எழுப்புவார்கள் என்று பயந்தேன். பயம் நிஜம்தான், கோமதி. ஆனால் இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. என்னை எழுப்பியபோது எனக்காகக் கத்துவதற்கு நீ இருந்தாய். உன்னை எழுப்பியவன் நானே.

அம்மா, ராத்திரி நானே உளறியதில் விஷயம் தெரிந்து, மறுநாள் காலை இட்லித் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "மெக்கானிக் பொண்ணு பெட்டி கட்டுதா. போயி வழியனுப்புங்க" என்றாள். நான் கை கழுவிவிட்டு வெளியே வந்தபோது நீ ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தாய். மெக்கானிக்கைக் கடைக்காரன் வழியனுப்பியது போலத்தான் தூரத்தில் நின்றேன். அதற்கப்புறம் உன் அம்மா என்னோடு சமையலைத் தவிர வேறெதுவும் பேசுவது அபூர்வம். செந்தில் வீட்டிலிருந்து சம்மதம் என்று செய்தி வந்தபோதுகூட, "பாவம், யாரைப் பாத்து சரின்னு சொன்னாவளோ" என்றுதான் சொன்னாள்.

கல்யாணம் செய்து கொடுக்கப்போகிற மகளுக்கு அப்பன்காரன் நாலு நல்ல வார்த்தை சொல்லுவது வழக்கம். எனக்குச் சொல்லத் தெரிந்தது அந்த டிராக்டர் விஷயம் ஒன்றுதான். ஓடிக்கொண்டிருந்த ஒன்று திடீரென்று மக்கர் பண்ணினால், கடைசியாக அதில் கை வைத்தது யார் என்று முதலில் கேள். பெரும்பாலும் உன் கையாகவே இருக்கும். என் விஷயத்தில் எப்போதும் என் கையாகவே இருந்திருக்கிறது. மாளியை வைவதற்கு முன்னால், புது பேட்டரி கேட்பதற்கு முன்னால், அங்கே குனிந்து பார். அப்புறம் இன்னொன்று. செந்தில் நல்ல பையனாகத் தெரிகிறான், ஆனாலும் யார் சொன்னாலும் உன் மீட்டரைப் பரண்மேல் போடாதே. அப்பா சொன்னால்கூடப் போடாதே. நைட் ஷிப்டு வேண்டாம், ஆபீஸ் பக்கம் மாற்றிக்கொள் என்று நான் உன்னிடம் நச்சரித்ததெல்லாம் உன் உடம்புக்காக இல்லை, என் மானத்துக்காக. இப்போது தெரிந்துகொள்.

வியாழக்கிழமை பிம்ப்ரிக்குப் போனேன், செந்தில் வீட்டுக்கு. உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். செந்திலின் அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள், அப்பா பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு ஒரே சிரிப்பு.

"வாங்க அண்ணாச்சி. நீங்க பெரிய கேலிக்காரவுகளாம்லா! உங்க மக செந்தில்ட்ட போன்ல எல்லாத்தயும் சொல்லிட்டா. கம்ப்யூட்டர்லாம் இல்ல, மெஷின் ரிப்பேர் பாக்குறவதான் நான்னுட்டா. வீட்ல நீங்க அவள எப்பவும் மெக்கானிக்குன்னுதான் கூப்பிடுவியளாமே. அன்னைக்கும் ரெண்டு பேருமா பேசி வச்சிக்கிட்டு எங்கள ஏமாத்துனியளாமே!"

எனக்கு உட்காருவதா நிற்பதா என்று தெரியவில்லை. அவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். "காபி குடுக்கைலயே நகத்தப் பாத்து எனக்குத் தெரிஞ்சுபோச்சு அண்ணாச்சி. தெரிஞ்சதுலருந்து மனசே சரியில்ல. பெத்த மனுசன் இப்பிடிச் சொல்வாரான்னு இவுககிட்டயும் கேட்டுக்கிட்டே இருந்தேன். அந்தப் பிள்ள போன் பண்ணிக் கேலின்னு சொன்னப்பறம்தான் நிம்மதி."

உன்னைப் பற்றிய உண்மையை நீயே சொல்லிவிட்டாய். என்னைப் பற்றி மட்டும் ஒரு பொய் சொல்லி வைத்திருக்கிறாய். என்னை அப்பா என்று கூப்பிட உனக்கு வாய் வரவில்லை, ஆனால் ஊரார் என்னைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது என்று உட்கார்ந்து கதை கட்டியிருக்கிறாய். நான் என்ன செய்தேன் என்று கேட்டால் நீ காறித் துப்புவாய். இளித்தேன். "ஆமா, அவளுக்கும் எனக்கும் எப்பவும் இதே வெளையாட்டுதான்" என்றேன். காபி கொடுத்தார்கள், குடித்தேன். நிச்சயத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று பேசினோம். கிளம்பி வாசலுக்கு வந்து செருப்பில் காலை நுழைத்தேன். அடுத்த காலை நுழைக்க முடியவில்லை. மகளை ஒரு தடவை இல்லை என்றவன், இப்போது அவள் என் மானம் காத்ததையும் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிறேனே என்று இருந்தது. திரும்பி உள்ளே போனேன்.

"அம்மா, அது கேலி இல்ல. அவ கையப் பாத்து வெக்கப்பட்டுத்தான் அப்பிடிச் சொன்னேன். நாங்க எதுவும் பேசி வைக்கல."

பட்டாணி உரிப்பது நின்றது. செந்திலின் அப்பா பேப்பரைத் தாழ்த்தினார். "அப்போ உங்க மக எங்ககிட்டப் பொய் சொல்லிருக்கா" என்றார் அவர். சரிசெய்ய வந்து உன் கல்யாணத்தையே கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன். "எனக்காகச் சொல்லிருக்கா, அய்யா. தப்பு அவ மேல இல்ல" என்றேன். அழுதும் விட்டேன். அந்நியர் வீட்டில், செருப்பு ஒரு காலில் மட்டும் போட்டுக்கொண்டு.

செந்திலின் அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்கள்: "அவ உங்கள விட்டுக்குடுக்கல அண்ணாச்சி. நீங்கதான் அவள விட்டுக்குடுத்துட்டிய." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. நான் போகும்போது அவர்களே வாசல் வரைக்கும் வந்தார்கள். "ஞாயித்துக்கெழம வாரோம். அதுல மாத்தம் ஒண்ணும் இல்ல. அன்னைக்கு வண்டிப் பக்கத்துல உப்புத்தாளப் பிடிச்சிக்கிட்டு இருந்தாளே, அவளத்தான் என் மகன் பாத்தான். காபி கொண்டாந்தவள அவன் சரியாவே பாக்கல. அவள நகத்தப் போட்டுத் தேச்சிக்கிட்டு இருக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றார்கள். இதை உன்னிடம் சொல்லச் சொல்லித்தான் சொன்னார்கள், சொல்லிவிட்டேன்.

ஆகையால் உன் கல்யாணத்துக்கு இனி என்னால் ஒரு கெடுதலும் இல்லை. எனக்காக நீ பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவர்களுக்கு எல்லாம் தெரியும். சபையில் பெண்ணை யாரென்று சொல்லுவது அப்பன் வேலை. இது என் மகள் கோமதி, சாகணில் மெஷின்களுக்குக் கரண்ட் வேலை பார்க்கிறாள், நைட் ஷிப்டும் பார்ப்பாள் என்று திருநெல்வேலியிலிருந்து வருகிற அத்தனை சொந்தமும் கேட்கச் சொல்வேன். அதைச் சொல்வதற்காக நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இல்லை. அம்மாவுக்காக சனிக்கிழமையே வந்துவிடு. என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்களைக் கேட்டில் நின்று நான்தான் கும்பிட்டு உள்ளே அனுப்புவேன். அவர்களில் யாராவது என்னைக் காட்டி, இவர் யார் என்று உன்னிடம் கேட்டால், உனக்கு என்ன வாயில் வருகிறதோ அதைச் சொல். லானில் வேலை பார்க்கிற ஆள் என்று சொன்னாலும் சரி, நான் ஆமாம் என்று தலையை ஆட்டுவேன்.